கோழிக்காலின் அடக்கவிலை

ஒரு கோழிப் பாதத்தை உற்பத்தி செய்ய எவ்வளவு செலவாகும்? கறிக்கடைக்காரரிடம் கேட்டால் சிரிப்பார். ஆனால் உலகின் இரண்டு பெரும் பொருளாதாரங்கள் இந்தக் கேள்விக்காக ஜெனிவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பின் முன் ஆண்டுக்கணக்கில் வழக்காடியிருக்கின்றன.

2009 செப்டம்பரில் சீன டயர்கள்மீது கூடுதல் வரி விதிப்பதாக அமெரிக்க அதிபர் ஒபாமா அறிவித்தார். இரண்டே நாளில் சீனாவின் பதில் வந்தது: அமெரிக்கக் கோழி இறைச்சி அடக்கவிலைக்கும் கீழே எங்கள் சந்தையில் கொட்டப்படுகிறதா என்று விசாரிக்கப்போகிறோம். அடுத்த ஆண்டு சீனா விதித்த பொருள்குவிப்புத் தடுப்பு வரி, நிறுவனத்தைப் பொறுத்து 50 முதல் 105 விழுக்காடு வரை இருந்தது. அந்த ஏற்றுமதியில் நெஞ்சுக்கறிக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். கப்பலேறிய முக்கியச் சரக்குகளில் ஒன்று, அமெரிக்கர்கள் தட்டில் வைத்தால் முகம் சுளிக்கும் கோழிப் பாதம்.

சொந்த ஊரில் மதிப்பில்லாத ஒன்றை அயலூரில் நல்ல விலைக்கு விற்றால், அது அடக்கவிலைக்குக் கீழே விற்றதாகுமா? வழக்கின் முடிச்சு இதுதான். அதை அவிழ்க்க, முதலில் பாதத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கறி இல்லாத உறுப்பு

கோழி நடப்பது விரல்களை ஊன்றித்தான். நாம் அதன் கால் என்று சொல்லும் செதில் மூடிய தண்டு, உண்மையில் பாதத்தின் மேற்பகுதி. கணுக்காலின் சில எலும்புகளும் பாத எலும்புகளும் ஒன்றாக இணைந்து ஒற்றை எலும்பாக நீண்டிருக்கின்றன. பின்பக்கமாக மடங்குவதுபோல் தெரியும் ‘முழங்கால்’ அதன் கணுக்கால். அசல் முழங்கால் இறகுக்குள் உடலோடு ஒட்டி மறைந்திருக்கிறது. பிரியாணியில் நாம் தேடும் லெக் பீஸ் கோழியின் கெண்டைக்கால்.

விரல்களை மடக்கவும் நீட்டவும் வேண்டிய தசைகள் பெரும்பாலும் அந்தக் கெண்டைக்காலிலேயே தங்கிவிடுகின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மட்டும் தண்டின் வழியாக இறங்கி விரல் நுனிவரை போகின்றன. கிராமங்களில் பிள்ளைகள் வெட்டிப்போட்ட கோழிக்காலில் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பைப் பிடித்து இழுத்து, விரல்கள் மடங்குவதைப் பார்த்து விளையாடுவார்கள். அவர்கள் இழுப்பது நரம்பை அல்ல, இந்தத் தசைநாணைத்தான். தசையின் எடை மேலேயே நின்றுவிடுவதால் கால் நுனி இலேசாகிறது. இலேசான காலை வேகமாக வீசி ஓடலாம். பறவைக்கு இது வசதி. கறி தேடுகிறவருக்கு ஏமாற்றம்.

ஆக, பாதத்தில் மிஞ்சுவது தோல், தசைநாண், குருத்தெலும்பு, கொஞ்சம் கொழுப்பு, ஏராளமான எலும்பு. பெரும்பாலான கோழி இனங்களுக்கு நான்கு விரல்கள். அவற்றில் முறையே 2, 3, 4, 5 எனச் சின்னஞ்சிறு எலும்புகள்; கூட்டினால் 14. ஒரு பாதத்தைத் தின்பது என்றால் இந்தப் பதினான்கையும் வாய்க்குள்ளேயே பிரித்துத் துப்புவது. அதில் பொறுமை இழப்பவர்களுக்கும் அதையே ரசிப்பவர்களுக்கும் இடையில்தான் இந்த வணிகம் முழுவதும் நடக்கிறது.

வெந்நீரில் அவிழும் முறுக்கு

தோல், தசைநாண், குருத்தெலும்பு மூன்றுக்கும் பொதுவான புரதம் கொலாஜன். ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள் கொண்ட மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி இறுக முறுக்கிக்கொண்டதுதான் அதன் மூலக்கூறு. இவ்வளவு இறுக்கமாக முறுக்க வேண்டுமானால் நடுவில் இடம் அடைக்காத ஒன்று வேண்டும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசீன், சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் வந்து உட்காருவது அதனால்தான். ஹைட்ராக்சிபுரோலின் என்ற இன்னொரு அமிலம் முறுக்கு குலையாமல் காக்கிறது.

உயிருள்ள கோழியின் எடையைத் தாங்கும் இந்த முறுக்கு, வெந்நீரில் தோற்றுப்போகிறது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கொலாஜன் இழைகள் சுருங்குகின்றன. இந்தக் கட்டத்தில் அடுப்பை அணைத்தால் கிடைப்பது ரப்பர்போல் விறைத்த தோல். விடாமல் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் வைத்திருந்தால், மணிக்கணக்கில் மெல்ல மெல்ல முறுக்கு அவிழ்ந்து சங்கிலிகள் தனித்தனியே நீரில் கரைகின்றன. கரைந்ததற்குப் பெயர் ஜெலட்டின். ஆறினால் அது நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உறைகிறது. சுமார் 35 டிகிரியில் மறுபடி உருகுகிறது. மனித வாயின் சூடும் ஏறத்தாழ அதுவே. உதட்டில் ஒட்டும் அந்தப் பிசுபிசுப்புக்கும் நாவில் கரையும் வழவழப்புக்கும் காரணம் இந்த வெப்பப் பொருத்தம்.

ஆட்டுக்கால் பாயாவை விடியும்வரை அடுப்பில் வைத்திருப்பவர்கள் செய்வதும் இதே வேதியியல்தான். கோழிக்கு அத்தனை நேரம் தேவையில்லை. வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் கூடிக்கொண்டே போகும். அவை கூடினால் வேகும் நேரமும் கூடும். கறிக்கோழியோ ஆறேழு வாரத்துக்குள் வெட்டுக்குப் போய்விடுகிறது. முற்றிய நாட்டுக்கோழியின் காலையும் பிராய்லர் காலையும் ஒரே பானையில் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரண்டு பக்குவங்கள்

வெப்பத்தை எங்கே நிறுத்துவது என்பதில்தான் சீனச் சமையலின் கைத்திறன் இருக்கிறது. குவாங்டாங் மாகாணத்தின் தேநீர்க் கடைகளில் சிறு மூங்கில் கூடைகளில் வரும் டிம்சம் வகைப் பாதம் ஒரு முனை. முதலில் மால்ட்டோஸ் பாகும் வினிகரும் சேர்த்த நீரில் வாட்டுகிறார்கள். அடுத்து கொதிக்கும் எண்ணெய். பாகிலுள்ள சர்க்கரையும் தோலின் புரதமும் சூட்டில் வினைபுரிந்து செம்பழுப்பு நிறம் தருகின்றன. தோலுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி அதை எலும்பிலிருந்து உப்பித் தூக்குகிறது. பொரித்ததை உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்துகிறார்கள். உப்பிய தோல் நீரை உறிஞ்சிச் சுருக்கம் சுருக்கமாக மடிகிறது. பிறகு புளித்த கறுப்பு சோயா, பூண்டு, மிளகாய் சேர்த்து நெடுநேரம் ஆவியில் வேகவைத்தால், சுருக்கங்களெல்லாம் குழம்பைப் பிடித்துக்கொள்ள, உதட்டால் அழுத்தினாலே தோல் கழன்று வருகிறது. எலும்பு சுத்தமாக வெளியே.

சோங்சிங், சிச்சுவான் பக்கத்துப் பக்குவம் இதற்கு நேர் எதிர். பாதங்களைச் சிறிது நேரமே கொதிக்கவைத்துச் சட்டென்று பனிநீரில் போட்டு, ஊறவைத்த பச்சைமிளகாயின் புளித்த உப்புநீரில் மூழ்கவிடுகிறார்கள். கொலாஜன் சுருங்கியிருக்கும், கரைந்திருக்காது. கடித்தால் நறுக்கென்று எதிர்த்து நிற்கும்; காரமும் புளிப்பும் சேர்ந்து மூக்கைத் துளைக்கும். ரயில் பயணத்திலும் தொலைக்காட்சி முன்னும் கொறிப்பதற்கென்று இது பாக்கெட்டில் விற்கிறது. இந்த ஊறுகாய்ப் பாதத்தையே முதன்மைப் பொருளாகக் கொண்ட சோங்சிங் நிறுவனமான யூயூ ஃபுட்ஸ், 2019-ல் ஷாங்காய் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

கொரியாவில் எரிக்கும் காரத்தில் வதக்குகிறார்கள். பிலிப்பைன்ஸில் தெருவோரத்தில் குச்சியில் கோத்துக் கரியில் சுடுகிறார்கள். ஜமைக்காவில் சூப், தென்னாப்பிரிக்காவின் கறுப்பின மக்கள் குடியிருப்புகளில் தலையும் காலும் சேர்ந்த மலிவுச் சாப்பாடு. எல்லா இடத்திலும் வாங்குபவர் தேடுவது சதையை அல்ல, வாய்க்குள் நடக்கும் வேலையை. பாதத்துக்கென்று தனிச் சுவை குறைவு. வழவழப்பு, நறுக்கு, எலும்பைப் பிரிக்கும் சுகம் ஆகிய தொடு உணர்வுகளைச் சுவைக்கு இணையாக மதிக்கும் உணவுப் பண்பாடுகளில்தான் அதற்கு விலை.

சத்துக் கணக்கு

வேகவைத்த 100 கிராம் கோழிப் பாதத்தில் ஏறத்தாழ 215 கலோரி, 19 கிராம் புரதம், 14 கிராமுக்கு மேல் கொழுப்பு என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியல். புரத அளவு பார்வைக்குக் கறிக்கு நிகர். ஆனால் தரம் வேறு. நம் உடல் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபேன் கொலாஜனில் அறவே இல்லை. பாதத்தை மட்டுமே நம்பிப் புரதத் தேவையை நிரப்ப முடியாது. பருப்போ முட்டையோ துணைக்கு வந்தால் குறை தீரும்.

எலும்பு சூப் குடித்தால் எலும்பு கூடும் என்ற நம்பிக்கைக்கும் இங்கே பதில் உண்டு. எலும்பில் சுண்ணாம்புச் சத்து இருப்பது உண்மை. வெறும் நீரில் கொதித்தால் அது பெரிதாகக் கரைவதில்லை என்பதும் உண்மை. 100 கிராம் பாதத்தில் கிடைக்கும் கால்சியம் சுமார் 88 மில்லிகிராம். 100 மில்லிலிட்டர் பாலில் இதைவிட அதிகம்.

தின்ற கொலாஜன் நேராக முகத் தோலுக்குப் போய்ச் சுருக்கத்தை நீக்கும் என்று சீனாவிலும் வெளியிலும் விளம்பரம் செய்கிறார்கள். குடல் அதை அமினோ அமிலங்களாகவும் இரண்டு மூன்று அமிலங்கள் சேர்ந்த துண்டுகளாகவும் வெட்டித்தான் இரத்தத்தில் விடுகிறது. அந்தத் துண்டுகள் தோல் செல்களைத் தூண்டக்கூடும் என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அவை அளந்து கொடுத்த கொலாஜன் பொடியை வைத்துச் செய்தவை. பலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் அந்தப் பொடியை விற்பவர்கள். கோழிக்கால் குழம்புக்கு அந்தச் சான்றிதழை எடுத்து ஒட்டுவதற்கு இடமில்லை.

கழிவுத் தொட்டியிலிருந்து கப்பலுக்கு

அமெரிக்காவில் ஆண்டுக்கு 900 கோடிக்கும் அதிகமான கறிக்கோழிகள் வெட்டப்படுகின்றன. அப்படியானால் 1,800 கோடிப் பாதங்கள். 1980களின் நடுப்பகுதிவரை இவற்றுக்கு விலையென்று எதுவும் இல்லை. இறகு, குடலோடு சேர்த்து கழிவை உருக்கும் ஆலைக்குப் போய்த் தீவனமாகவும் கொழுப்பாகவும் மாறின. சீனாவில் பொருளாதாரம் திறந்து, கையில் காசு புழங்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. ஹாங்காங் வழியாகவும் நேரடியாகவும் பாதங்கள் பயணப்பட்டன. இருபது முப்பது ஆண்டுகளில் நெஞ்சுக்கறி, இறக்கை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அமெரிக்கக் கோழியின் மூன்றாவது மதிப்புள்ள பாகமாகப் பாதம் உயர்ந்தது.

உயர்வு சும்மா வரவில்லை. கோழி குளித்து எழுவதே எச்சம் கலந்த கூளத்தில். பாதம்தான் அதன் உடலிலேயே அழுக்கான பகுதி. வெட்டுக்கூடத்தில் பாதங்களைத் தனியே பிரித்து, அளவான வெந்நீரில் நனைத்து, ரப்பர் விரல்கள் சுழலும் இயந்திரத்தில் விட்டு மேல்தோலை உரிக்க வேண்டும். நீர் சூடு குறைந்தால் தோல் கழலாது. கூடினால் உள்தோல் வெந்து கிழியும். மக்காச்சோளத் தீவனத்தால் வரும் மஞ்சள் நிறம் அந்த மேல்தோலோடு போய்விட, வெளுத்த பாதம் கிடைக்கும். அதை அளவும் தரமும் பார்த்துப் பிரித்துப் பெட்டியிலிட்டு உறையவைக்கிறார்கள். கால் தண்டோடு சேர்த்து வெட்டியதற்கு ஒரு விலை, பாதத்தோடு நிறுத்தி வெட்டியதற்கு வேறு விலை. ஒரு பாதம் 40 கிராம் என்று வைத்தால், 25 டன் கொள்ளும் ஒரு குளிர்க் கொள்கலனில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான பாதங்கள், அதாவது மூன்று லட்சம் கோழிகளின் கால்கள்.

சீனா தானே கோடிக்கணக்கில் கோழி வளர்க்கிறதே, பிறகு ஏன் இறக்குமதி? கோழிக்கு இரண்டே கால். பாதத்துக்குத் தேவை கூடியதென்று பாதத்தை மட்டும் கூடுதலாக வளர்க்க வழியில்லை. கூடவே வரும் நெஞ்சையும் தொடையையும் யாராவது வாங்கியாக வேண்டும். அதனால் கோழியைத் துண்டு போட்டு உலகத்துக்குப் பங்கிடுவதே இத்தொழிலின் இலக்கணமாகிவிட்டது. அமெரிக்கர் நெஞ்சையும் இறக்கையையும் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் ஒதுக்கிய தொடைகள் 1990களில் ரஷ்யாவுக்குக் குவிந்து, ‘புஷ் கால்கள்’ என்று அன்றைய அமெரிக்க அதிபரின் பெயரைப் பெற்றன. பாதம் சீனாவுக்கு.

அரசியல் இந்த ஓட்டத்தை அடிக்கடி திருப்பிவிடுகிறது. பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி 2015 ஜனவரியில் அமெரிக்கக் கோழி முழுவதையும் சீனா தடை செய்தது. பிரேசில் அந்த இடத்தைப் பிடித்தது. ஒரு காலத்தில் தொடைகளை வாங்கிய ரஷ்யா, 2019-லிருந்து சீனாவுக்குப் பாதம் விற்கிறது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவுக்கும் கதவு திறந்தது. 2025 மே மாதம் பிரேசிலின் வணிகப் பண்ணை ஒன்றில் பறவைக் காய்ச்சல் உறுதியானதும், சீனா அந்நாட்டுக் கோழியை நிறுத்திவைத்தது.

எடைக் கணக்கும் விலைக் கணக்கும்

இப்போது ஜெனிவா வழக்குக்கு வரலாம். செக்கில் எள்ளை ஆட்டினால் எண்ணெயும் வருகிறது, புண்ணாக்கும் வருகிறது. எள் வாங்கிய காசில் எண்ணெயின் பங்கு எவ்வளவு, புண்ணாக்கின் பங்கு எவ்வளவு என்று எள் சொல்லாது. கணக்கெழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். கோழியும் அப்படியே. தீவனம், குஞ்சு, மருந்து, மின்சாரம் எல்லாம் முழுக் கோழிக்கான செலவு. அதைப் பாகங்களுக்கு எப்படிப் பிரிப்பது?

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கோழியை வளர்த்து வெட்ட 200 ரூபாய் ஆகிறது. இரு பாதங்களும் சேர்ந்து எடையில் 4 விழுக்காடு. எடையை வைத்துப் பிரித்தால் பாதங்களின் அடக்கவிலை 8 ரூபாய். ஆனால் உள்ளூரில் மொத்தக் கோழியின் விற்பனை மதிப்பில் பாதங்களின் பங்கு அரை விழுக்காடுதான் என்றால், விலையை வைத்துப் பிரிக்கும்போது அடக்கவிலை 1 ரூபாய். இவற்றைச் சீனாவில் 5 ரூபாய்க்கு விற்றால், முதல் கணக்கில் 3 ரூபாய் நட்டத்துக்கு விற்றுச் சந்தையைக் கெடுத்த குற்றம். இரண்டாவது கணக்கில் நாலு ரூபாய் லாபம் பார்த்த சாமர்த்தியம். பாதம் அதே பாதம்.

சீன வணிக அமைச்சகம் எடைக் கணக்கை எடுத்தது. அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் ஏடுகளில் விலைக் கணக்கை வைத்திருந்தன. 2011-ல் அமெரிக்கா முறையிட்டது. 2013 ஆகஸ்டில் வந்த நடுவர் குழு அறிக்கை பெரும்பாலும் அமெரிக்காவுக்குச் சாதகமாக இருந்தது. நிறுவனங்களின் வழக்கமான ஏடுகளை ஏன் ஒதுக்கினோம் என்பதற்குச் சீனா போதிய விளக்கம் தரவில்லை என்பது குழு சுட்டிய முக்கியக் குறைகளில் ஒன்று. அதற்குப் பிறகும் இழுபறி தொடர்ந்து, வரிகள் நீங்கியது 2018 பிப்ரவரியில். அப்போது பறவைக் காய்ச்சல் தடை நடப்பிலிருந்ததால், வரி நீங்கியும் ஒரு பாதம்கூட உள்ளே போகவில்லை.

எடைக் கணக்கில் ஒரு நேர்மை இருக்கிறது: தீவனம் தின்று வளர்ந்த ஒவ்வொரு கிராமும் சமம். விலைக் கணக்கிலும் நியாயம் இருக்கிறது: காலுக்காக யாரும் கோழி வளர்ப்பதில்லை, நெஞ்சுக்குத்தான் வளர்க்கிறார்கள். இரண்டில் ஒன்றை உயிரியல் தேர்ந்தெடுத்துத் தராது. அடக்கவிலை என்று நாம் உறுதியாகச் சொல்லும் எண், பல நேரங்களில் ஏட்டை எழுதுகிறவரின் தேர்வுதான்.

பாதம் வைத்திருக்கும் பதிவேடு

பாதத்துக்கு விலை வந்ததால் பண்ணைக்குள்ளும் ஒரு மாற்றம் நடந்தது. ஆழ்கூள முறையில் கறிக்கோழி தன் ஆயுள் முழுவதையும் உமியின்மீதோ மரத்தூளின்மீதோ கழிக்கிறது. தண்ணீர்க் குழாய் ஒழுகினால், காற்றோட்டம் போதாவிட்டால், தீவனம் ஒத்துக்கொள்ளாமல் எச்சம் இளகினால் கூளம் ஈரமாகிறது. எச்சத்திலுள்ள யூரிக் அமிலம் சிதைந்து அம்மோனியா வருகிறது. நாள் முழுக்க அதில் நிற்கும் பாதத்தின் அடித்தோல் முதலில் தடித்துக் கறுத்து, பிறகு வெடித்துப் புண்ணாகிறது. உடல் வேகமாகக் கனக்கும் பறவைக்கு இது நடக்கவே தயங்கவைக்கும் வலி.

பாதம் கழிவை உருக்கும் ஆலைக்குப் போன காலத்தில் இந்தப் புண்ணை யாரும் எண்ணவில்லை. ஏற்றுமதி தொடங்கியதும் புண்பட்ட பாதம் தரம் இறங்கியது, அல்லது கழிக்கப்பட்டது. உடனே அமெரிக்கக் கோழித் தொழிலில் கூளத்தின் ஈரம், குடிநீர்க் குழாயின் உயரம், தீவனத்தில் பயோட்டின் என்ற வைட்டமினின் அளவு என்று ஆராய்ச்சிகள் பெருகின. எங்கோ சோங்சிங்கில் ஒருவர் கறையில்லாத வெள்ளைப் பாதம் கேட்டதால் ஜார்ஜியா மாநிலத்துக் கொட்டிலில் கூளத்தின் ஈரத்தை அளந்தார்கள்.

சுவீடன் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. அங்கே பாதம் விற்று யாரும் பணக்காரராகவில்லை. ஆனாலும் 1990களிலிருந்து வெட்டுக்கூடத்தில் பாதங்களை எடுத்துப் பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். புண் அதிகம் உள்ள பண்ணை, சதுர மீட்டருக்கு வளர்க்கக்கூடிய கோழிகளின் எடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பறவை எப்படி வளர்ந்தது என்பதைப் பண்ணைக்காரரின் வாய்மொழியைவிட அதன் அடிப்பாதம் நம்பகமாகச் சொல்கிறது என்பது அவர்களின் துணிபு.

இரண்டு நாடுகளும் ஒரே புண்ணைத்தான் எண்ணுகின்றன. ஆனால் 2015-ல் ஒரே அறிவிப்பில் சீனச் சந்தை மூடியபோது, அமெரிக்கப் பாதங்களில் பெரும்பகுதி மீண்டும் கழிவை உருக்கும் ஆலைக்கே திரும்பியது. அந்த நாளில் நல்ல பாதத்துக்கும் புண்பட்ட பாதத்துக்கும் இடையிலிருந்த விலை வித்தியாசமும் பெருமளவு மறைந்தது. சுவீடனில் சந்தை மூடுவதற்கு ஒன்றுமில்லை. விதி ஏட்டில் இருக்கிறது. ஏற்றுமதி விலை ஒரு பறவையின் நலனை எவ்வளவு விரைவாகக் கவனத்துக்குக் கொண்டுவரும் என்பதைக் கோழிப் பாதம் காட்டிவிட்டது. அதே விலையை நம்பி அந்த நலனை விட்டுவைக்க முடியாது என்பதையும் சேர்த்தே காட்டியிருக்கிறது.